பழைய பென்ஸ் வாங்கலாமா தம்பி? விலையை விட்டுவிட்டு பில்லைப் பாருங்கள்

கேள்வி கேட்ட தம்பியின் நிலைமை இது. பிடித்தம் எல்லாம் போக மாதம் 6,300 வெள்ளி (ரிங்கிட்) கைக்கு வருகிறது. வீடு மலேசியாவின் கிள்ளானில், வேலை கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரல் பக்கம். ஒரு லட்சம் வெள்ளிக்குள் மூன்று கார்களைப் பார்த்து வைத்திருக்கிறார்: 2016 மெர்சிடிஸ் சி200, 2014 பி.எம்.டபிள்யூ 520ஐ, 2018 பி.எம்.டபிள்யூ 530இ. "இதே காசுக்குப் புது ஹோண்டா சிட்டி வருகிறது. ஐரோப்பியக் கார் எல்லாம் தொல்லை, கிட்டயே போகாதே என்று மாமா சொல்கிறார். உண்மையிலேயே அவ்வளவு மோசமா, இல்லை சும்மா பயமுறுத்துகிறார்களா?" என்று கேட்கிறார்.

நான் ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் ஃபோர்மேனாக இருந்து, பிறகு செகம்புட்டில் சொந்தப் பட்டறை போட்டவன். தினமும் என் கைக்கு வருவது இந்த வகைக் கார்கள்தான். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் ரசீதுகள் முழுதாக இருந்தால் சி200 வாங்கலாம். 520ஐ வாங்குவதென்றால் டைமிங் செயின் (எஞ்சினுக்குள் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் சங்கிலி) மாற்றிய ரசீதைக் கண்ணால் பார்த்த பிறகுதான். 530இ உங்களுக்கு வேண்டாம். எதை வாங்கினாலும் முன்பணம் கட்டிய பிறகு வங்கியில் 15,000 வெள்ளி தனியாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மூன்றையும் விட்டுவிட்டு இன்னும் ஒரு வருஷம் சேமியுங்கள்.

மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இந்தக் கார்கள் மோசமானவை இல்லை. விலை இறங்கிய வேகத்தில் செலவு இறங்குவதில்லை, சிக்கல் அங்கேதான். நம் நாட்டில் காருக்குக் கலால் வரி மட்டும் 60 முதல் 105 விழுக்காடு வரை. அதோடு விற்பனை வரி 10 விழுக்காடு, வெளிநாட்டிலிருந்து முழுதாக இறங்கிய காராக இருந்தால் இறக்குமதி வரியும் சேரும். நீங்கள் பார்க்கும் சி200 ஷோரூமிலிருந்து வெளியே வந்தபோது இரண்டரை லட்சம் வெள்ளி அளவில் இருந்த கார். இன்று 85,000. ஒன்றரை லட்சத்துக்கு மேல் முதல் உரிமையாளர் தலையில் போய்விட்டது, நமக்கு லாபம் என்று தோன்றும். ஆனால் அதன் ஹெட்லைட்டும் கியர்பாக்ஸும் ஏ.சி. கம்ப்ரஸரும் இன்னமும் இரண்டரை லட்சம் வெள்ளிக் காரின் சாமான்கள். கடைக்காரர் உங்கள் கார் பழசாகிவிட்டது என்று பார்த்து விலையைக் குறைக்க மாட்டார். எனவே பழைய சொகுசுக் கார் வாங்கும்போது, அது புதிதாக இருந்த காலத்து விலையை என்னால் தாங்க முடியாவிட்டாலும், அந்த விலைக்குரிய பராமரிப்பைத் தாங்க முடியுமா என்றுதான் யோசிக்க வேண்டும்.

பலரை ஏமாற்றுவது ரோட் டாக்ஸ். தீபகற்பத்தில் சாலை வரி எஞ்சின் கொள்ளளவை வைத்துத்தான் போடுகிறார்கள், காரின் விலையை வைத்து இல்லை. 1,991 சிசி உள்ள சி200-க்கு ஆண்டுக்கு 375.50 வெள்ளி. 1,997 சிசி 520ஐ-க்கு 378.50. டொயோட்டா கேம்ரி 2.5-க்கு 867 வெள்ளி. பார்த்தால் பென்ஸ்தான் மலிவு! 2018-க்குப் பிறகு வந்த சி200-இல் 1.5 லிட்டர் எஞ்சின், அதற்கு 1.5 லிட்டர் மைவி (பெரோடுவாவின் சின்னக் கார்) மாதிரி 90 வெள்ளி கட்டினால் போதும். இதைக் காட்டித்தான் விற்பனையாளர்கள் பேசுவார்கள். அதே வரி மேலே போகப் போகக் கடிக்கும். 2,998 சிசி என்றால் 2,125 வெள்ளி. 4.4 லிட்டர் வி8 என்றால் எட்டாயிரத்தைத் தாண்டும். அதனால்தான் பழைய பி.எம்.டபிள்யூ 750 மாதிரி கார்கள் அவ்வளவு மலிவாகக் கிடக்கின்றன. அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

காப்புறுதியில் எல்லோரும் பிரீமியத்தை மட்டும் கேட்பார்கள். 2017 ஜூலையிலிருந்து முழுக் காப்புறுதியின் விலையை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது, ஆகவே நாலு இடத்தில் கேளுங்கள். உங்கள் பழைய காரில் என்.சி.டி. (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான கழிவு) 55 விழுக்காடு சேர்ந்திருந்தால் அதைப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். 85,000 வெள்ளிக் காருக்கு, வெள்ளப் பாதுகாப்பும் கண்ணாடியும் சேர்த்து, ஆண்டுக்கு 2,000 வெள்ளி அளவில் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளப் பாதுகாப்பைத் தயவுசெய்து விடாதீர்கள், கிள்ளானில் இருக்கிறவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

யாரும் கேட்காதது பெட்டர்மென்ட். கார் ஐந்து வயதைத் தொட்டதும், விபத்துக்குப் பிறகு பழைய சாமானுக்குப் பதில் புதுச் சாமான் போட்டால், விலையில் ஒரு பங்கை நாம்தான் கட்ட வேண்டும். ஐந்து வயதில் 15 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுக்கு ஐந்தைந்தாக ஏறி, பத்து வயதில் 40 விழுக்காட்டில் போய் நிற்கும். மைவியின் விளக்கு உடைந்தால் இந்த 40 விழுக்காடு பெரிய தொகை இல்லை. தகவமைப்பு எல்.இ.டி. ஹெட்லைட் ஒரு பக்கமே பத்தாயிரம் வெள்ளியைச் சுற்றி வரும் காரில், காப்புறுதி இருந்தும் 4,000 வெள்ளி நம் பையிலிருந்து போகும். கொஞ்சம் கூடுதலாகக் கட்டி இதற்கு விலக்கு வாங்க முடியும். பாலிசி எடுக்கும்போதே ஏஜெண்டிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மோதிய பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது.

இப்போது நம்பகத்தன்மைக்கு வருவோம். இதில்தான் நம் ஊர்க் கதை ஜெர்மனியின் கதையிலிருந்து பிரிகிறது.

கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு 35 கிலோமீட்டர் அளவு. கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை நெரிசலில் சராசரி வேகம் 25 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், 10,000 கிலோமீட்டர் ஓட எஞ்சின் 400 மணி நேரம் வேலை செய்கிறது. அதே 10,000 கிலோமீட்டரை நெடுஞ்சாலையில் 80-இல் ஓட்டினால் 125 மணி நேரம்தான். மீட்டரில் இரண்டும் ஒன்று, எஞ்சினுக்கு மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். அதிலும் நின்று நின்று போகும்போது முன்னால் காற்று வீசாது, டர்போவின் சூடு பானெட்டுக்குள்ளேயே தேங்கும். ஐரோப்பாவில் இந்தக் கார்களுக்கு எண்ணெய் மாற்ற 25,000, 30,000 கிலோமீட்டர் வரைகூட அவகாசம் கொடுக்கிறார்கள். டாஷ்போர்டும் அந்த மாதிரிக் கணக்கைக் காட்டும். அதை நம்பி ஓட்டினவர்களின் எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளே கறுத்துக் கெட்டியான எண்ணெய்ப் படிவு ஒட்டியிருக்கும். கே.எல். ஓட்டத்துக்கு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, காரை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது, எண்ணெய் மாற்றியே ஆக வேண்டும். நீங்கள் செய்யக்கூடிய பராமரிப்பில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தருவது வேறெதுவும் இல்லை.

சூட்டுக்கு அடுத்த பலி பிளாஸ்டிக். இந்த எஞ்சின்களில் குளிரூட்டும் தண்ணீர் போகும் குழாய் இணைப்புகள், தெர்மோஸ்டாட் உறை, தண்ணீர் பம்பின் உடல், எண்ணெய் வடிகட்டியின் உறை எல்லாமே பெரும்பாலும் பிளாஸ்டிக். எடை குறைக்கவும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்காக எஞ்சினைச் சூடாக ஓட வைக்கவும் அப்படி வடிவமைக்கிறார்கள். புதிதாக இருக்கும்போது அது வளைந்துகொடுக்கும். எட்டு வருஷ கே.எல். சூட்டைப் பார்த்த இணைப்பைக் கழற்றும்போது கையிலேயே முறுக்கு மாதிரிப் பொடிகிறது, பாதி உள்ளே உட்கார்ந்துகொள்கிறது, அதைக் கொக்கியால் துண்டு துண்டாக எடுக்க வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுதும் பேசாமல் இருக்கும் இந்தச் சாமான் எப்போது உடையும் என்று ஃபோர்மேன்களைக் கேளுங்கள்: தீபாவளிக்கு முந்தின நாள் வடக்கே போகிற நெரிசலில், குடும்பமும் பலகாரமும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யை முழுதாக வைத்து, மெனோரா சுரங்கத்தின் ஏற்றத்தில். இழுவை வண்டிக்குக் காத்திருக்கும் குடும்பங்களிடமிருந்து எனக்கு ஒவ்வொரு வருஷமும் போன் வரும். அதனால் எட்டு வயது தாண்டிய ஐரோப்பியக் கார் வாங்கினால், உடைவதற்குக் காத்திருக்காமல் தண்ணீர் பக்கத்துப் பிளாஸ்டிக், ரப்பர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வெள்ளிக்குள் முடியும். தண்ணீர் இல்லாமல் இரண்டு நிமிஷம் ஓடினால் எஞ்சின் தலைப்பகுதி வளைந்து, பிறகு பத்தாயிரத்துக்கு மேல் பேச வேண்டியிருக்கும்.

இனி நீங்கள் கேட்ட மூன்று கார்கள். பிராண்டைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த வருஷம் என்று பார்த்தால்தான் பேச முடியும்.

2014 520ஐ-இல் இருப்பது என்20 எஞ்சின். ஓட்ட அருமையான எஞ்சின், ஆனால் டைமிங் செயினைப் பிடித்துவைத்திருக்கும் வழிகாட்டித் தகடு பிளாஸ்டிக். அது காலப்போக்கில் இறுகி உடைகிறது. எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினால் அடியில் பழுப்பு நிறத் துண்டுகள் கிடக்கும், அப்படி ஒரு துண்டைப் பார்த்தாலே அந்த எஞ்சினை இனி ஓட்டக்கூடாது. துண்டுகள் எண்ணெய் பம்பின் வலையை அடைத்தால் எண்ணெய் அழுத்தம் போகும். செயின் ஒரு பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும். ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தும்போது எஞ்சின் கீழ்ப்பக்கம் ஊளையிடும் மெல்லிய ஓசை இதன் முதல் அடையாளம். 2015 வாக்கில் பி.எம்.டபிள்யூ அந்தத் தகட்டை மாற்றி வடிவமைத்துவிட்டது. பழைய எஞ்சினில் புதுத் தகடும் செயினும் போட்ட ரசீது இருந்தால் 520ஐ நல்ல கார். ரசீது இல்லை, "செயின் எல்லாம் மாத்தியாச்சு பாஸ்" என்று வாயால் மட்டும் சொல்கிறார்கள் என்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலையில் அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

அதே காலத்து டீசல் 520டி-யையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதன் என்47 எஞ்சினில் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரத்தில் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றாலே கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்க வேண்டும், கூலியே பயமுறுத்தும்.

2016 சி200-இல் எம்274 எஞ்சின். செயின் விஷயத்தில் இதற்கு முந்தைய எம்271-ஐவிட எவ்வளவோ நிம்மதி. இதில் நான் முதலில் பார்ப்பது கேம்ஷாஃப்ட் மேக்னெட். எஞ்சின் முன்பக்கம் இருக்கும் சின்னச் சாமான், விலை பெரிதில்லை. அது உள்ளுக்குள் கசிய ஆரம்பித்தால் எண்ணெய் வெளியே சொட்டாது. வயருக்குள் நுழைந்து, செம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே மெல்ல ஏறி, எஞ்சினின் கம்ப்யூட்டர் வரைக்கும் போய்விடும். மேக்னெட்டின் பிளக்கைக் கழற்றி விரலை உள்ளே தேய்த்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் நல்லது. பிசுபிசுப்பு இருந்தால் கம்ப்யூட்டரின் பிளக்கையும் கழற்றிப் பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும். தடுப்பதற்குக் கையளவு நீளமுள்ள ஓர் இடைவயர் விற்கிறார்கள். மேக்னெட்டுக்கும் மெயின் வயருக்கும் நடுவில் போட்டால் எண்ணெய் அதிலேயே நின்றுவிடும். அதன் விலை சில பத்து வெள்ளிகள், கம்ப்யூட்டரும் வயரிங்கும் மாற்றப் பல ஆயிரம். என் பட்டறைக்கு வரும் எல்லாச் சி-கிளாஸ்காரர்களிடமும் இதைத்தான் முதலில் போடச் சொல்கிறேன். மற்றபடி முன் சக்கரத்துக் கைகளின் புஷ், எஞ்சின் மவுண்ட், தெர்மோஸ்டாட் போன்றவை வரும். இவை எல்லாம் திட்டமிட்டுச் செய்யக்கூடிய செலவுகள்.

2018 530இ-ஐ நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் அதன் பி48 எஞ்சின் இல்லை. அது என்20-ஐவிட நல்ல எஞ்சின். அந்தக் காரில் பெட்ரோல் எஞ்சின் ஒன்று, மின்மோட்டார் ஒன்று, பின் இருக்கைக்கு அடியில் உயர் மின்னழுத்த பேட்டரி ஒன்று என்று இரண்டு காருக்கான சாமான்கள் இருக்கின்றன. பேட்டரியைக் குளிர வைப்பதும் ஏ.சி.யின் வாயுதான். ஆகவே ஏ.சி. கோளாறு வந்தால் வியர்ப்பதோடு முடியாது, மின்சார ஓட்டமும் நின்றுவிடலாம். 2016-லிருந்து சில வருஷம் அரசாங்கத்தின் வரிச் சலுகையால் இந்த பிளக்-இன் (செருகிச் சார்ஜ் செய்யும்) வகைகள் எக்கச்சக்கமாக விற்றன, அவை எல்லாம் இப்போது உத்தரவாதம் முடிந்து சந்தைக்கு வருகின்றன. உத்தரவாதம் உள்ளவரைக்கும் அது மிக நல்ல கார். அதற்குப் பிறகு ஒரே ஒரு பேட்டரி பில் உங்கள் 15,000-ஐயும் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும். உங்கள் சம்பளத்தில் அந்தப் பணயம் கட்டாதீர்கள்.

கியர்பாக்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். பி.எம்.டபிள்யூவில் இருக்கும் இசட்.எஃப். எட்டு கியர் பெட்டி உலகத்திலேயே நல்ல ஆட்டோ கியர்பாக்ஸ்களில் ஒன்று. அதன் எண்ணெய் ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்று கார் நிறுவனம் சொல்லும். அந்தப் பெட்டியைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்தில், மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேளுங்கள். அடித் தொட்டியோடு சேர்த்தே வடிகட்டி வருவதால் தொட்டியையே மாற்ற வேண்டும், செலவு இரண்டாயிரம் வெள்ளியை ஒட்டி வரும். கியர்பாக்ஸ் போனால் அதைப் போல் பல மடங்கு.

"ஜப்பான் கார்தான் நம்பகம் என்று சர்வேயே சொல்கிறதே" என்றும் கேட்டிருந்தீர்கள். உண்மைதான், அமெரிக்காவின் ஜே.டி. பவர் நம்பகத்தன்மை ஆய்வில் 2023, 2024, 2025 மூன்று வருஷமும் டொயோட்டாவின் லெக்ஸஸ்தான் முதலிடம். ஆனால் அந்த ஆய்வு மூன்று வயதுக் கார்களைப் பற்றியது, போன் இணைப்பு சரியாக வரவில்லை என்பதுகூட அதில் ஒரு பழுதாக எண்ணப்படும். பத்து வயதுப் பென்ஸைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. லெக்ஸஸ் பத்து வயதிலும் நன்றாக ஓடுகிறது என்பதை ஆய்வு சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. என் பட்டறைக்கு வரும் இ.எஸ். கார்கள் பெரும்பாலும் எண்ணெய், பிரேக், டயர் வேலைக்கு மட்டும்தான் வருகின்றன. சொகுசு வேண்டும், தலைவலி வேண்டாம் என்றால் பழைய லெக்ஸஸ் இ.எஸ். ஒன்றைத் தேடுங்கள். எதிர்மறையான பக்கம் ஒன்று: அது விலை இறங்க மாட்டேன் என்கிறது, உங்கள் காசுக்குக் கிடைப்பது கொஞ்சம் வயசான வண்டியாக இருக்கும். குடும்பம் பெரிசு என்றால் ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா வெல்ஃபயர் 2.5 வேன் இன்னொரு நல்ல வழி. கதவு மோட்டார் தவிர அதிகம் வேலை வைக்காது.

மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 85,000 வெள்ளி சி200, பத்து விழுக்காடு முன்பணம், 76,500 கடன், 3.5 விழுக்காடு நிலை வட்டி, ஏழு வருஷம் என்று வைத்தால் தவணை 1,134 வெள்ளி. காப்புறுதியும் சாலை வரியும் மாதத்துக்குப் பிரித்தால் 200. மாதம் 1,800 கிலோமீட்டர், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் 180 லிட்டர், அரசாங்கச் சலுகைப் பெட்ரோலான புடி95 விலை 1.99-இல் 360 வெள்ளி. அந்தச் சலுகையின் மாத வரம்புக்குள் நீங்கள் இருப்பீர்கள். பெட்ரோல் மூடியின் உள்பக்கம் 95 என்று ஒட்டியிருந்தால் 95 போதும், 97 போட்டு எஞ்சினுக்குப் பால் வார்க்க வேண்டாம். எண்ணெய் சர்வீஸுக்கு 150, டயருக்கும் பிரேக்குக்கும் 150, பழுது நிதிக்கு 500. மொத்தம் ஏறத்தாழ 2,500. பார்க்கிங் இதில் இல்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் 2018-லிருந்து டோல் இல்லாதது உங்களுக்கு ஒரு வரம்.

அதே 85,000-க்குப் புது சிட்டி எடுத்து, 2.5 விழுக்காட்டில் ஒன்பது வருஷம் கட்டினால் தவணை 868. மற்றதெல்லாம் சேர்த்தால் 1,430 அளவில் முடியும். வித்தியாசம் மாதம் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி. ஒரே காசுக்கு இரண்டு கார் என்று நீங்கள் நினைத்தது அந்த ஆயிரத்தைக் கணக்கில் சேர்க்காததால்தான். அந்த ஆயிரம் கொடுத்தால் கிடைப்பது என்ன என்றும் சொல்கிறேன், ஏனென்றால் நானும் இந்தக் கார்களை நேசிக்கிறவன். கராக் மலைப்பாதையில் மழையில் வளைவெடுக்கும்போது கையில் வரும் நிதானம், ஈப்போ வரை ஓட்டிப் போய் இறங்கும்போது முதுகில் வலி இல்லாதது, மோதினால் உயிரைக் காப்பாற்றும் கட்டுமானம். இதற்கெல்லாம் விலை உண்டு, கொடுக்க முடிந்தவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் இறங்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்ப்பதற்காக மட்டும் என்றால் மாதம் ஆயிரம் ரொம்ப அதிகம்.

இடையில் ஒன்று: வீடும் கிள்ளான், வேலையும் கே.எல். சென்ட்ரல் என்றால் கொமுட்டர் ரயில் நேராக இரண்டையும் இணைக்கிறது. வாரத்தில் மூன்று நாள் ரயிலில் போனால் நெரிசல் சூட்டிலிருந்து காரும் தப்பிக்கும், பார்க்கிங் காசும் மிஞ்சும். காரை வாரக்கணக்கில் நிறுத்தியே வைக்காதீர்கள், பேட்டரி இறங்கிவிடும். பி.எம்.டபிள்யூவில் பேட்டரியை மாற்றினால் காரின் கம்ப்யூட்டரிலும் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புது பேட்டரியையும் பழசு என்று நினைத்துச் சார்ஜ் செய்து சீக்கிரம் கெடுத்துவிடும்.

எங்கே வேலைக்கு விடுவது? உத்தரவாதம் இருக்கும்வரை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர், அதற்குப் பிறகு அந்த பிராண்டையே பார்த்துப் பழகிய தனிப் பட்டறை. எல்லாக் காரும் பார்ப்பேன் என்கிற பட்டறையில் விட்டால் கோளாறைக் கண்டுபிடிக்கவே சாமானை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள், அத்தனை சாமானுக்கும் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள். நல்ல ஃபோர்மேன் முதலில் சோதித்துக் காரணம் சொல்வார், கழற்றிய பழைய சாமானைக் கையில் காட்டுவார். ஹாஃப்கட் கடையில் (வெட்டிப் பிரித்த கார்களின் பழைய சாமான் விற்கும் கடை) கதவு, இருக்கை, கண்ணாடி, விளக்கு வாங்கலாம். தண்ணீர் பம்ப், சென்சார், செயின், ரப்பர் ஆகியவற்றை அங்கே வாங்காதீர்கள். பென்ஸ் பெட்டியில் வரும் பல சாமான்களை உண்மையில் செய்வது பாஷ், லெம்ஃபோர்டர், மாலே போன்ற நிறுவனங்கள். அதே சாமான் அவர்கள் பெட்டியிலேயே கிடைக்கும்போது நிம்மதியாக வாங்கலாம், விலை நன்றாகக் குறையும்.

கார் பார்க்கப் போகும்போது, எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினின் முதல் ஓசையை உங்களிடமிருந்து மறைக்கிறார்கள். செயின் தளர்ச்சியும் கேம் கியரின் கடகடப்பும் அந்த முதல் சில விநாடிகளில்தான் கேட்கும். பிறகு வெள்ளம். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். மூழ்கிய கார்கள் எல்லாம் நசுக்கப்படவில்லை. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். இருக்கையின் தண்டவாளத்தில் துரு, பின்பக்கச் சாமான் பெட்டியின் தரைக்குக் கீழே மண், கம்பளத்தின் அடியில் ஈர வாடை, எல்லாவற்றையும் பாருங்கள். பல ஜெர்மன் கார்களில் பேட்டரியும் சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் அந்தச் சாமான் பெட்டியின் தரைக்கடியில்தான் இருக்கின்றன. தண்ணீர் பட்ட பெட்டி இன்றைக்கு ஓடும், ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாகச் சாகும்.

வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் பாஸ் ஆகிவிட்டது என்று சொன்னால் அதை மெக்கானிக் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான பி5-ம் கடனுக்கான பி7-ம் சேசிஸ் எண், எஞ்சின் எண், வண்டியின் அடையாளம், அடிப்படைப் பாதுகாப்பு போன்றவற்றைப் பார்ப்பதற்கானவை. செயின் எப்படி இருக்கிறது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. கிலோமீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்பதற்கு, கணினி மாட்டிப் பார்க்கும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பி.எம்.டபிள்யூ மாதிரி கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் இல்லாமல் வேறு பெட்டிகளிலும் பதிவாகியிருக்கும், ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம். இந்தச் சோதனைக்கு சில நூறு வெள்ளி ஆகும். நான் சோதித்துவிட்டு "வேண்டாம்" என்று சொன்ன கார்களின் உரிமையாளர் ஆகாதவர்கள்தான் என்னிடம் அதிகம் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

மின்சாரக் கார் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சாலை வரி விலக்கு 2025 இறுதியோடு முடிந்துவிட்டது, இப்போது மோட்டாரின் கிலோவாட்டை வைத்து வரி. பழைய சொகுசு மின்கார்களின் விலை இன்னும் எந்த மட்டத்திலும் நிற்கவில்லை. கடன் வாங்கி இப்போது அதில் இறங்க வேண்டாம்.

கடைசியாக, முன்பணம். காரைப் பிடித்துவைக்க 500, 1,000 என்று கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் புக்கிங் ரசீதிலேயே, "வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் பட்டறையில் சோதனை செய்து பழுது தெரிந்தால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்" என்று எழுதிக் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் வாங்கிவிடுங்கள். அதை எழுத மறுக்கும் கடையில் அடுத்த பேச்சே வேண்டாம். எழுதிக்கொடுத்துவிட்டுத் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டியதில்லை. சி200-இன் சேசிஸ் எண்ணையும் சர்வீஸ் ரசீதுகளின் படத்தையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். ரசீதுகளில் தேதியும் கிலோமீட்டரும் ஒழுங்காக ஏறிக்கொண்டே போகிறதா, எண்ணெய் மாற்றிய இடைவெளி 10,000-க்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கார் பார்க்கப் போங்கள்.